இடது சுண்டுவிரல்

முதலில் பிசகியது கணக்கு.
கட்டுக்கு இருபத்தைந்து பீடி.
பதினெட்டு வருஷமாய் எண்ணாமலே எண்ணிய கை
இருபத்திரண்டில் நூலைச் சுற்றி முடித்தது.
முக்கூடல் கடையில் கழித்துப் போட்டார்கள்.
ஆவுடைத்தங்கம் என்னைத்தான் ஏசினாள்,
இலை வெட்டும்போது நான் பேச்சுக் கொடுத்தேனாம்.

அடுத்து கத்தரி விழுந்தது.
அடுத்து அவளே, பஸ் படியில்.

ஸ்கேனில் வெள்ளையாய் ஒன்று.
நெல்லிக்காய் அளவு என்றார் படம் எடுத்தவர்.
அருநெல்லியா, பெருநெல்லியா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

வண்ணார்பேட்டையில் வாசல் போர்டிலேயே
காப்பீட்டுத் திட்டத்தின் பெயர் பெரிதாய் இருந்தது.
உள்ளே கேட்டால்
"எலும்புக்கு உண்டு, கல்லடைப்புக்கு உண்டு,
தலைக்கு இல்லைண்ணே."
பாளையில் தலைக்கும் உண்டு,
தலைக்கான டாக்டருக்குத்தான் இல்லை.
ஆஸ்பத்திரி திட்டத்துக்குள் இருக்கிறது,
அவர் மட்டும் அதற்கு வெளியே
நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.
மூன்றாவது இடத்தில் ஒரு பெண்
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்,
கார்டு போக ஒன்றரை லட்சம்.
நான் வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன்.
எனக்குப் புரிந்தது:
கார்டு தண்டுக்கு. காய்க்குத் தனிக் காசு.

ஹைகிரவுண்டில் யாரும் காசு கேட்கவில்லை.
தேதிதான் இல்லை.
ஹெல்மெட் போடாத பையன்கள்
ராத்திரிதோறும் ரத்தத்தோடு வந்துகொண்டிருந்தார்கள்,
மெல்ல வளர்கிற நெல்லிக்காய்
அவர்களுக்குப் பின்னால் நின்றது.
கோபப்படவும் முடியவில்லை.
ஒருவனின் அம்மா
எங்கள் பாயில்தான் படுத்திருந்தாள்.

ரேஷன் அட்டையில் தங்கம்,
ஆதாரில் ஆவுடைத்தங்கம்,
எம்.ஆர்.ஐ. கவரில் ஆவுடையம்மாள்.
மூன்று பேருக்கும் ஒரே தலைதான் என்று
தாலுகா ஆபீசில் எழுதி வாங்க நான்கு நாள்.

வழி சொன்னவர் ஸ்கேன் சென்டர் வாசலில்
டோக்கன் கிழிக்கும் பொன்னுத்துரை.
தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.
காதிலிருந்து உச்சிவரை
நத்தை போன தடம் மாதிரி ஒரு தையல்.
"செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம்
நாகர்கோவில்லேர்ந்து ஒருத்தர் வாராரு.
மூணு மாடி ஏறணும், லிஃப்ட் ஓடாது.
கார்டு எடுக்காரு.
என் மண்டையே சாட்சி வே."

டாக்டர் செலஸ்டின்
லைட் பெட்டி இருந்தும்
படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.
நான் கார்டை நீட்டினேன்.
வாங்கிக் கவிழ்த்து வைத்து
அதன் மேல் பேனாவை வைத்தார்.
"இதைக் கீழே இருக்கிற பிள்ளை பாத்துக்கும்."
அப்புறம் அவள் விரல்களின் கறையைப் பார்த்து
"எந்தக் கையால நூல் சுத்துவீங்கம்மா?"
ஏழு வாரத்தில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி.
மற்றதெல்லாம் என்னிடம் கேட்டது.

கீழே, அந்தப் பிள்ளையின் மேஜையில் ரேகை எந்திரம்.
வலது பெருவிரல், சிவப்பு.
ஆள்காட்டி, சிவப்பு.
துடைத்து, ஊதி, தேங்காயெண்ணெய் தொட்டு வைத்து,
மறுபடியும் சிவப்பு.
பதினெட்டு வருஷத்து இலையும் தூளும்
ரேகையைத் தின்றிருந்தன.
"ஆள் இவங்கதான்னு காட்ட மாட்டேங்குதே"
என்றது பிள்ளை, அழாத குறையாய்.
ஒன்பதாவதும் சிவப்பு.
பத்தாவது, இடது சுண்டுவிரல்.
பீடி சுற்றுகையில்
ஒரு வேலையும் செய்யாமல் விலகி நிற்கும் விரல்.
பச்சை.

அப்ரூவல் இன்னும் வரவில்லை.
வண்டியில் போனை மடியில் வைத்தே ஓட்டுகிறேன்.

அன்று பஸ் பேட்டை தாண்டும்போது கேட்டாள்:
"முடிய மழிப்பாவளாமே.
திருச்செந்தூருக்கு நேந்த முடில்லா.
இங்க எடுத்தா அந்தக் கணக்குல சேருமா?"
சேரும் என்றேன்.
"யாரைக் கேட்டுச் சொல்லுதிய?"
விசாரிச்சுச் சொல்லுதேன் என்றேன்.
இப்போது எனக்கு
அதுதான் பழகியிருக்கிறது.